இலத்தீன் சார்புவினைக்கு ஒரு தமிழ் வாய்பாடு: மனப்பாட உத்திகள் குறித்த கருத்துரை

ஆய்வுச்சுருக்கம்

ஐரோப்பியத் துறவியரும் அறிஞரும் தமிழைப் பற்றி எழுதிய நூல்களுள் குறிப்பிடத்தக்கவை சில இலத்தீன் மொழியில் உள்ளன. அவற்றை மூலமொழியிலேயே படிக்க முனையும் தமிழ் ஆய்வாளர்க்கு இலத்தீனின் சார்புவினை வடிவங்கள் பெருந்தடையாக அமைகின்றன. ஆங்கிலவழிக் கல்வியில் வழங்கும் மனப்பாடத் தொடர்கள் அத்தடையை ஒரு பகுதியே நீக்குகின்றன. வடிவம், வரிசை, பொருள் ஆகிய மூன்றையும் ஒருங்கே நினைவில் நிறுத்தும் தமிழ் வாய்பாட்டு மரபின் வழியில் இவ்வடிவங்களைக் கற்பிக்க வேண்டும் என்று இக்கருத்துரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: இலத்தீன், சார்புவினை, வாய்பாடு, வினையெச்சம், வியங்கோள், வீரமாமுனிவர்

முன்னுரை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் மாகறல். திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அப்பதிகத்தின் நீண்ட அடிகளைச் சந்தம் தாங்கிச் செல்கிறது. இறைவனைச் சேர்ந்தோர் வினை நீங்கும் என்னும் கருத்து பாடல்களின் இறுதியில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஓதுவார் ஒருவர் ஏடு நோக்காது அதனைப் பாடுவதற்குச் சந்தமும் பண்ணும் மீண்டுவரும் முடிப்பும் துணைசெய்கின்றன. நினைவுக்கான உத்தி அங்குப் பாடலுக்குப் புறம்பானதன்று. பாடலின் அமைப்பிலேயே அஃது உள்ளது.

மாகறலை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரிய உறுப்பினர்க்கு உரிய தகுதிகளுள் ஒன்றாக, மந்திரப் பிராமணத்தில் வல்லவராய் இருப்பதோடு அதனைப் பிறர்க்கு ஓதுவிக்கவும் அறிந்திருத்தல் கூறப்படுகிறது. மனத்தில் இருத்துதல் ஒன்று. இருத்தியதைப் பிறர்க்கு எடுத்துரைக்க வல்லராதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்பட்டன என்பதை இத்தகுதி காட்டுகிறது.

மனப்பாடத்தில் இத்துணைத் தேர்ச்சி பெற்ற ஒரு மரபில் வந்த தமிழ் மாணவர், இன்று இலத்தீன் கற்கத் தொடங்கும்போது, வேறொரு மொழியினர் தம் தேவைக்கு அமைத்துக்கொண்ட நினைவுத் தொடர்களையே நம்ப வேண்டியுள்ளது. அம்மொழியின் வினைவடிவங்களுள் மிகக் கடினமானது எனக் கற்போரால் கருதப்படும் சார்புவினையைப் பொறுத்தவரை இக்குறை பெரிதும் உணரப்படுகிறது. இதனை நீக்கும் வழி தமிழ் இலக்கண மரபுக்குள்ளேயே உள்ளது என்பது இக்கருத்துரையின் துணிபு. இலத்தீனில் ‘கொன்யுங்க்தீவுஸ்’ என்றும் ‘ஸுப்யுங்க்தீவுஸ்’ என்றும் வழங்கும் வினைவகை இங்குச் ‘சார்புவினை’ எனச் சுட்டப்பெறுகிறது. ‘இணைந்தது’, ‘கீழ்ச் சேர்ந்தது’ என்னும் அப்பெயர்ப் பொருள்களுக்கு இச்சொல் நெருங்கி நிற்றலே காரணம்.

தமிழாய்வுக்கு இலத்தீன் வேண்டப்படுவது ஏன்

சீகன்பால்குவின் ‘கிராமத்திகா தமுலிகா’ 1716இல் செருமனியின் ஹாலே நகரில் இலத்தீனில் வெளிவந்தது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. செந்தமிழின் நுட்பங்களை விளக்கும் அவருடைய ‘கிளாவிஸ்’ என்னும் இலத்தீன் நூல் 1876இல் அதே ஊரில் அச்சேறியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். கார்ல் கிரௌலின் இலத்தீன் திருக்குறள் அவர் மறைவுக்குப்பின் 1865இல் வெளிவந்தது. இராபர்ட் தெ நொபிலி இந்நாட்டுப் பழக்கவழக்கங்கள் குறித்து 1613இல் எழுதிய அறிக்கையும் இலத்தீனே.

இவற்றுள் சில ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் 1822இலும், கொடுந்தமிழ் இலக்கணத்தை ஹார்ஸ்ட் 1831இலும், மாஹன் 1848இலும் ஆங்கிலத்தில் தந்தனர். ஆயின் மொழிபெயர்ப்பு இருத்தல் மூலத்தைப் படிக்கும் கடமையிலிருந்து ஆய்வாளரை விடுவிப்பதில்லை. சேவியர் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய மொழிகளை நேரடியாகக் கற்றிருந்தமையாலேயே, 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் அருமையை உணர்ந்து, வத்திக்கான் நூலகத்திலிருந்து அதனை வெளிக்கொணர்ந்து, 1966இல் மறுபதிப்புச் செய்ய முடிந்தது. ஆங்கிலம் ஒன்றனையே சார்ந்த ஆய்வுக்கு அப்பேறு வாய்ப்பதரிது.

சார்புவினையை அறியாமல் இலத்தீன் இலக்கண நூலைப் படிப்பதில் உள்ள இடர் சிறிதன்று. ‘மூதாதுர்’ என்றால் ‘மாற்றப்படுகிறது’ என்பது பொருள். ‘மூதேதுர்’ என்றால் ‘மாற்றப்படுக’ என்பது பொருள். முன்னது வழக்கை விவரிக்கிறது. பின்னது விதியை இடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் உயிரெழுத்தே. புணர்ச்சியில் ஓர் எழுத்துத் திரிவதைப் பற்றி இலத்தீன் நூலொன்று பேசும்போது, அதன் ஆசிரியர் தாம் கேட்ட மக்கள் வழக்கைப் பதிவுசெய்கிறாரா, கற்போர்க்கு விதி வகுக்கிறாரா என்பதை இவ்வோர் உயிரே தீர்மானிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் வழக்குக்கு அந்நூலைச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டைத் தவறவிட்டால் சான்றே வேறாகிவிடும்.

திருக்குறள் மொழிபெயர்ப்புகளில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. குறளில் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள் மிகுதி. நிகழக்கூடிய நிபந்தனை, நிகழ்தற்கரிய நிபந்தனை, நிகழாத நிபந்தனை ஆகியவற்றுள் எதனையும் ‘செயின்’ தானாக வரையறுப்பதில்லை. இடம் நோக்கியே பொருள்கொள்ள வேண்டும். இலத்தீனில் அவ்வாறு பொதுவாக நிற்க இயலாது. ‘ஸி அமத்’ (அன்பு செய்கிறானெனில்), ‘ஸி அமெத்’ (ஒருகால் அன்பு செய்வானாயின்), ‘ஸி அமாரெத்’ (அன்பு செய்பவனாய் இருந்திருப்பின், ஆனால் அவன் அத்தகையனல்லன்) என்னும் மூன்றுள் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். எனவே குறளின் ஒவ்வொரு ‘செயின்’ எச்சத்திலும் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஓர் உரைமுடிவை எடுத்திருக்கிறார். பரிமேலழகர் முதலியோரின் உரை வேறுபாடுகளை ஆராயும் தமிழ்த்துறை, இவ்வுரைமுடிவுகளையும் ஆராய வேண்டும். அதற்கு ‘அமத்’, ‘அமெத்’, ‘அமாரெத்’ ஆகியவற்றைக் கண்டவுடன் பிரித்தறியும் பயிற்சி வேண்டும்.

வடிவங்களும் ஆங்கில மனப்பாடத் தொடரும்

இலத்தீன் வினைகள் நான்கு வகுப்பாகப் பகுக்கப்படும். ‘அமோ’ (அன்பு செய்கிறேன்), ‘மொனெயோ’ (அறிவுறுத்துகிறேன்), ‘ரெகோ’ (ஆள்கிறேன்), ‘ஔதியோ’ (கேட்கிறேன்) என்பன முறையே அவற்றுக்கு எடுத்துக்காட்டுகள். நிகழ்காலச் சார்புவினையில் ஈறுகள் மாறுவதில்லை. ஈற்றுக்கு முன்னுள்ள உயிர் மாறுகிறது. முன்னிலை ஒருமையில் இயல்பு வினையையும் சார்புவினையையும் இணைத்து நோக்கினால் ‘அமாஸ் – அமேஸ்’, ‘மொனேஸ் – மொனெயாஸ்’, ‘ரெகிஸ் – ரெகாஸ்’, ‘ஔதீஸ் – ஔதியாஸ்’ என அமையும். சார்புவினைக்குரிய உயிர்கள் முறையே ஏ, எயா, ஆ, இயா என்பன.

இவ்வுயிர் வரிசையை நினைவில் வைக்க ஆங்கிலவழி மாணவர்க்கு ‘வீ ஃபியர் எ லையர்’ (பொய்யனுக்கு அஞ்சுகிறோம்) என்பது போன்ற தொடர்கள் கற்பிக்கப்படுகின்றன. அத்தொடரிலுள்ள நான்கு சொற்களின் எழுத்துக்கூட்டில் அவ்வுயிர்கள் வரிசையாக நிற்கின்றன. இவ்வுத்தி கண்ணுக்கு உரியது, செவிக்கு உரியதன்று. முதற்சொல்லில் எழுதப்படுவது எகர எழுத்து, ஒலிப்பதோ ஈகாரம். ஈற்றுச் சொல்லில் எழுதப்படுவது ‘இஅ’. ஒலிப்பதோ ‘ஐயர்’ என்பது போன்றது. ஆங்கில எழுத்துக்கூட்டில் ஊறியவர்க்கு இது தடையாகாது. எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் பொருந்திநிற்கும் ஒரு மொழியிலிருந்து வருபவர்க்கோ இத்தொடர் தவறான ஒலியையே மனத்தில் பதிக்கிறது. இலத்தீன் எழுதியவாறே பெரிதும் ஒலிக்கும் மொழியாதலால் இக்கேடு இருமடங்காகிறது. தமிழுக்கும் இலத்தீனுக்கும் பொதுவான ஓர் இயல்பை, இடையிலுள்ள ஆங்கிலம் மறைத்துவிடுகிறது.

தமிழ் வரிவடிவம் தரும் துணை

இவ்வுயிர் வரிசையைத் தமிழிலேயே நினைவில் நிறுத்த ‘வேலை செயாத நாள் வியாழன்’ என்னும் தொடரை முன்வைக்கலாம். இதன் நான்கு சொற்களும் முறையே ஏ, எயா, ஆ, இயா எனத் தொடங்கும் உயிரொலிகளை உடையவை. எழுத்தும் ஒலியும் இங்கு வேறுபடவில்லை. இரண்டாம், நான்காம் சொற்களில் இரண்டு உயிர்களின் இடையே யகரம் ஒலிப்பது, ‘மொனெயாஸ்’, ‘ஔதியாஸ்’ என்பவற்றில் நிகழ்வதை ஒத்தது. தமிழ் மாணவர் அதனைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

தமிழ் எழுத்து இதனினும் பெரியதொரு துணையைத் தருகிறது. இலத்தீன் நூல்கள் பொதுவாக உயிரின் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பாடநூல்களில் மட்டும் நெடிலின்மேல் கோடு இடுவர். தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு தானாகவே புலப்படும். ‘அமோ’ என்பதன் சார்புவினை ‘அமெம், அமேஸ், அமெத், அமேமுஸ், அமேதிஸ், அமெந்த்’ என அமையும். மகரம், தகரம், ‘ந்த்’ ஆகிய ஈறுகளுக்கு முன் குறிலும், ஏனைய ஈறுகளுக்கு முன் நெடிலும் வருதலை இவ்வரிசையைக் கண்ட அளவிலேயே அறியலாம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஐயத்துக்கிடமின்றி வேறுபடுத்தும் வரிவடிவச் சீர்திருத்தம் வீரமாமுனிவரோடு தொடர்புடையது. இலத்தீனும் தமிழும் ஒருங்கு அறிந்தவர் தமிழ் எழுத்தில் தெளிவுபடுத்திய அதே வேறுபாடு, இன்று தமிழர் இலத்தீன் கற்கவும் உதவுகிறது.

தமிழ் எழுத்தில் வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாடுகளைத் தனித்தனியே காட்ட இயலாது என்பது உண்மையே. எனினும் நிகழ்காலச் சார்புவினையின் அடையாளம் மெய்யில் இல்லை, உயிரில் உள்ளது. ஆதலின் அக்குறை இங்கு இடையூறு செய்வதில்லை.

ஆயினும் உயிர் வரிசை ஒன்றனையே நம்புதல் ஆகாது. ஏகாரம் முதல் வகுப்பில் சார்புவினைக்கு அடையாளம் (அமேஸ்). இரண்டாம் வகுப்பில் இயல்பு நிகழ்காலத்துக்கு உரியது (மொனேஸ்). மூன்றாம் வகுப்பில் எதிர்காலத்தைக் காட்டும் (ரெகேஸ் – ஆள்வாய்). ‘ரெகம்’ என்பதோ ‘ஆள்வேன்’ என எதிர்காலமாகவும் ‘நான் ஆள்க’ எனச் சார்புவினையாகவும் நிற்கும். எனவே வினை எவ்வகுப்பினது என்பதை அறியாதவர்க்கு எந்த மனப்பாடத் தொடரும் பயன்தராது. ‘சிம்’, ‘பொஸ்ஸிம்’, ‘வெலிம்’, ‘நோலிம்’, ‘மாலிம்’ எனச் சில வினைகள் இகரம் பெற்று இவ்வரிசைக்குப் புறம்பாக நிற்பதையும் தனியே கற்க வேண்டும்.

இறந்தகாலச் சார்புவினைக்கு நினைவுத் தொடரே வேண்டுவதில்லை. ‘அமாரே’ (அன்பு செய்தல்) என்னும் தொழிற்பெயர் போன்ற வடிவத்தின்மேல் ஈறு சேர்த்தால் ‘அமாரெம், அமாரேஸ், அமாரெத்’ எனக் கிடைக்கும். நான்கு வகுப்புக்கும் இது பொது. ‘எஸ்ஸே’ என்பதிலிருந்து ‘எஸ்ஸெம்’ வருவதும் இவ்வாறே. விதியே போதுமான இடத்தில் மனப்பாடத் தொடரைப் புகுத்துதல் கற்போர்க்குச் சுமையாகும்.

வாய்பாட்டு மரபின் சிறப்பு

உயிர்களை நினைவில் வைப்பது வடிவத்தை அறியும் அளவிற்றே. அவ்வடிவம் எங்கு, எப்பொருளில் வரும் என்பதை ஆங்கிலத் தொடரும் கூறாது. மேற்காட்டிய தமிழ்த் தொடரும் கூறாது. இங்கேதான் தமிழ் இலக்கண மரபின் ‘வாய்பாடு’ என்னும் முறை கருதத்தக்கதாகிறது.

தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை ஒன்பதாகவும், நன்னூல் பன்னிரண்டாகவும் கூறும். ‘செய்து’, ‘செய்தென’, ‘செயின்’, ‘செய்யிய’, ‘பாக்கு’ போன்ற இவற்றில் பெயரும் வடிவமும் ஒன்றே. ‘செயின் என்னும் வாய்பாடு’ என்று சொன்ன அளவிலேயே அதன் வடிவமும் நிபந்தனைப் பொருளும் விளங்குகின்றன. நன்னூல் இவற்றை அடுக்கும் வரிசையும் பொருளுடையது: முதல் ஐந்தும் இறந்தகாலம், அடுத்த ஒன்று நிகழ்காலம், எஞ்சிய ஆறும் எதிர்காலம். ஒரு நூற்பாவை மனப்பாடம் செய்த மாணவர் வடிவம், எண்ணிக்கை, காலம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெறுகிறார். யாப்பிலக்கணத்தில் ‘தேமா’ என்னும் சொல் நேர்நேர் என்னும் அமைப்பின் பெயராகவும் அவ்வமைப்புக்கே எடுத்துக்காட்டாகவும் நிற்பது இதே நெறியில் அமைந்தது. பொய்யனைப் பற்றிய ஆங்கிலத் தொடருக்கும் சார்புவினையின் பொருளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தமிழ் வாய்பாட்டிலோ நினைவுக்கருவியே இலக்கணமாக உள்ளது.

பொருள்வழி வாய்பாடு

இந்நெறியைப் பின்பற்றி, சார்புவினையின் முதன்மையான ஆட்சிகளைத் தமிழ் வாய்பாடுகளோடு பொருத்திப் பின்வருமாறு கற்பிக்கலாம்.

1. ‘செய்க’ என் வாய்பாடு: தனித்து நிற்கும் சார்புவினை வேண்டுகோளையும் வாழ்த்தையும் விதியையும் உணர்த்தும். ‘ஔதியத்’ – ‘அவன் கேட்க’. தொல்காப்பியர் வியங்கோளைப் படர்க்கைக்கே உரியதாகக் கூற, நன்னூலார் மூவிடத்துக்கும் உரியதாகக் கொண்டார். இலத்தீனிலும் இவ்வாட்சி படர்க்கையிலும் தன்மைப் பன்மையிலுமே பெரிதும் காணப்படும். கத்தோலிக்கர் நாள்தோறும் சொல்லும் இறைவேண்டலின் இலத்தீன் வடிவத்திலுள்ள ‘ஸாங்க்திஃபிகேதுர்’, ‘அத்வெனியத்’, ‘ஃபீயத்’ என்னும் மூன்றும் இவ்வகையின. தமிழில் இத்தகைய இடங்களில் ‘செய்யப்படுவதாக’, ‘வருக’ போன்ற வடிவங்கள் வரும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரவை விதிக்கும் செயல்கள் ‘செய்வதாகவும்’ என முடிவதும் இதே பொருளிலாகும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய மாணவர்க்கு இவ்வாட்சி புதிதன்று.

2. ‘செய்பாக்கு’ என் வாய்பாடு: ‘உத்’ என்னும் இடைச்சொல்லோடு வரும் சார்புவினை நோக்கத்தை உணர்த்தும். ‘வெனித் உத் ஔதியத்’ – ‘கேட்பான் வருகிறான்’. ‘கேட்பான்’ என்பது முற்றுப்போலத் தோன்றினும் இங்குப் பான் ஈற்று வினையெச்சமே. ‘ஔதியத்’ என்பதும் படர்க்கை ஒருமை ஈறு பெற்று முற்றுப்போல நின்று, பொருளால் எச்சமாகிறது. முதன்மை வினை இறந்தகாலமாயின் சார்புவினையும் மாறும்: ‘வேனித் உத் ஔதீரெத்’ – ‘கேட்பான் வந்தான்’. நெடிற்கோடு இடாத இலத்தீன் நூலில் ‘வெனித்’, ‘வேனித்’ இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கும். வருகிறானா, வந்தானா என்பதைப் பின்வரும் சார்புவினையே அறிவிக்கும்.

3. ‘செயின்’ என் வாய்பாடு: ‘ஸி’ என்னும் இடைச்சொல்லோடு வரும் நிபந்தனை. தமிழ் ஒன்றாகக் கொள்வதை இலத்தீன் மூன்றாகப் பகுக்கும் என்பது மேலே காட்டப்பட்டது.

4. ‘செய்யினும்’ என் வாய்பாடு: உடன்பாட்டுக்கு மாறான முடிவைக் காட்டும் தொடர்களில் வருவது.

5. ‘செய்யாதவாறு’ என் வாய்பாடு: ‘நே’ என்னும் இடைச்சொல்லோடு வரும் எதிர்மறை நோக்கம்.

6. வாய்பாடு இன்மை: ‘ஸ்கியோ குயித் ஔதியத்’ என்பது ‘அவன் யாது கேட்கிறான் என்பதை அறிவேன்’ எனப் பொருள்படும். வினாத்தொடர் மற்றொரு வினையைச் சார்ந்து நிற்பதாலேயே இலத்தீனில் சார்புவினை வந்தது. இதில் ஐயமில்லை, விருப்பமில்லை, நிபந்தனையுமில்லை. தமிழில் இயல்பான வினையே போதும். விளைவை உணர்த்தும் தொடர்களும் பெரும்பாலும் இத்தகையனவே.

ஆறாவது வகை மற்றவற்றினும் இன்றியமையாதது. சார்புவினை என்றாலே ஐயம் என எண்ணும் மாணவர், ஆசிரியர் உறுதியாகக் கூறியதை ஐயமாகப் பெயர்த்துவிடுவார். சார்ந்து நிற்றல் என்னும் பெயர்ப்பொருளை மனத்திற்கொண்டால் இப்பிழை நேராது. வடிவால் முற்று, தொழிலால் பல இடங்களில் எச்சம் என்பதே சார்புவினையின் இயல்பு. முற்றெச்சம் என்னும் கருத்தைத் தம் இலக்கணத்தில் கற்றவர்க்கு இதனை உணர்தல் எளிது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, மனப்பாட உத்திகள் உண்மையான மொழியறிவைத் தடுக்கும் என்பது. பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்து ஒரு பத்தியைப் படிக்கத் தெரியாத மாணவர் எம்மொழியிலும் உளர். இம்மறுப்பில் உண்மை உண்டு. காஞ்சிபுரம் பட்டுத்தறியில் ஜக்கார்டு அட்டையின் துளைகள் எந்த இழை எழ வேண்டும் என்பதைத் தறிக்கு அறிவிக்கின்றன. சேலையின் அமைப்பை நெசவாளர் ஒவ்வோர் இழையாக மனத்தில் சுமக்க வேண்டுவதில்லை. ஆனால் அட்டை நெய்வதில்லை. நெசவாளரின் கவனம் எண்ணிக்கையிலிருந்து விடுபட்டு நெசவின்மீது செல்ல அஃது இடந்தருகிறது. மனப்பாட உத்தியின் பணியும் அவ்வளவே. முதல் வாரத்திலேயே வடிவங்களை நினைவில் நிறுத்திவிட்டு, இரண்டாம் வாரத்திலிருந்து மூலநூற் பத்திகளைப் படிக்கத் தொடங்கும் வகையில் பாடத்திட்டம் அமைந்தால் இவ்வச்சத்துக்கு இடமிராது.

இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. ஐரோப்பியர் இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தைத் தமிழின்மீது சுமத்தினர் என்பது தமிழாய்வில் நெடுங்காலமாக எழுப்பப்படும் குற்றச்சாட்டு. இப்போது தமிழ் வாய்பாட்டை இலத்தீனின்மீது சுமத்துவது அதே பிழையைத் திருப்பிச் செய்வதாகாதா என வினவலாம். ஒரு மொழியின் வகைப்பாட்டை மற்றொரு மொழியின் உண்மையென நிலைநாட்டுவது வேறு. தெரிந்ததைக்கொண்டு தெரியாததை அணுகுவது வேறு. முன்னது இலக்கணக் கோட்பாடு பற்றியது. பின்னது கற்பித்தல் பற்றியது. இரண்டுக்கும் இடையே எல்லை வகுப்பது மேற்கூறிய ஆறாம் வகையாகும். எங்குப் பொருந்தாது என்பதையும் வாய்பாட்டின் உறுப்பாகவே கற்பிக்கும்போது, ஒப்புமை சுமத்தலாக மாறுவதில்லை. மேலும், இவ்வாறு கற்ற மாணவர் அவ்வைரோப்பிய இலக்கணிகள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை எதிர்த்திசையிலிருந்து தாமே உணர்வார். தமிழின் பல எச்சங்களை இலத்தீனின் ஒரு வினைவகைக்குள் அடக்க முயன்றோர் எங்குத் தடுமாறியிருக்கக்கூடும் என்பதை அறிய இதனினும் நல்ல பயிற்சி இல்லை. அவர்கள்மீதான குற்றச்சாட்டையும் அப்போதுதான் பொதுப்படக் கூறாமல் இடஞ்சுட்டி நிறுவ இயலும்.

முடிவுரை

தமிழைப் பற்றிய இலத்தீன் நூல்கள் தமிழர்க்கு உரிய சான்றாதாரங்கள். அவற்றைப் படிக்கும் திறனைச் சமயக் கல்விக்கூடங்களுக்கும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பு முடிவுகளை மட்டும் பெற்றுக்கொள்வது தமிழ்த்துறைகளுக்கு ஏற்றதன்று. முனைவர்பட்ட ஆய்வுக்கு முந்தைய பயிற்சியில், ஐரோப்பியர் தமிழ்ப்பணியை ஆய்வுப்பொருளாகக் கொள்வோர்க்கேனும், இலத்தீனைப் படித்தறியும் ஒரு தாளைச் சேர்க்கலாம். பேச்சுத்திறனோ எழுத்துத்திறனோ அதன் நோக்கமாக வேண்டுவதில்லை; மூலத்தைப் படித்து மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் திறன் போதும்.

அத்தாளுக்கான பாடநூல் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். இலத்தீன் வடிவங்கள் தமிழ் எழுத்தில் குறில் நெடில் தோன்றத் தரப்பட வேண்டும். வினையெச்சமும் வியங்கோளும் முற்றெச்சமும் தெரிந்த மாணவரிடம், அவர் அறிந்தவற்றை ஒதுக்கிவிட்டு ஆங்கில இலக்கணத்தின் வழியே பேசுவது, அவர் கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு வழிகாட்டுவதாகும்.

மாகறல் பதிகத்தை ஓதுபவர்க்கு நினைவும் பொருளும் வேறுவேறாக வருவதில்லை; சந்தத்தைத் தாங்கும் அதே அடி பொருளையும் தாங்குகிறது. நல்ல வாய்பாடும் அத்தன்மையதே. இலத்தீன் சார்புவினைக்கு அத்தகையதொரு வாய்பாட்டை ஆக்குவதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் தமிழ் இலக்கணத்தில் முன்னரே உள்ளன. அவற்றை எடுத்து வகுப்பறையில் பயன்படுத்துவதே தமிழ்த்துறைகள் இனிச் செய்ய வேண்டுவது.